முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் ஹைவேயில் நிம்மதி கிடைக்குமா?

கேட்டவர் பெங்களூரில் இருக்கிறார், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வைத்திருக்கிறார், மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிறார். நூறைத் தொட்டாலே எஞ்சின் கத்துகிற மாதிரி இருக்கிறது, இல்லாத ஆறாவது கியரைத் தேடிக் கால் தானாகப் போகிறது, முன் ஸ்பிராக்கெட்டை, அதாவது எஞ்சின் பக்கம் செயின் ஓடும் பல் சக்கரத்தை, 15 பல்லில் இருந்து 16 ஆக்கலாமா என்பது கேள்வி.

ஆக்கலாம். நான் ஆக்கி இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் உங்களுக்குச் சரி வருமா என்று சொல்வதற்கு முன், தினமும் ஆபீசுக்கும் இதே வண்டிதானா, அதுவும் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு ஜங்ஷன் வழியாகவா என்று கேட்பேன்.

கணக்கு சின்னதுதான். கம்பெனி கொடுத்தது முன்னால் 15, பின்னால் 38. வகுத்தால் 2.53, பின் சக்கரம் ஒரு முறை சுற்ற முன் ஸ்பிராக்கெட் அத்தனை முறை சுற்ற வேண்டும். முன்னால் 16 போட்டால் 2.375. அதே வேகத்தில் எஞ்சின் சுற்று ஆறேகால் சதவீதம் குறையும், நிமிடத்துக்கு 5000-இல் ஓடியது 4690 பக்கம் வந்து நிற்கும். வெறும் 300 சுற்றில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஒற்றை சிலிண்டர் வண்டியில் அதிர்வு படிப்படியாக ஏறுவதில்லை, ஒரு சுற்றைத் தாண்டியதும் திடீரென்று ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்டிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் வண்டியில் அது 90-இல் ஆரம்பிக்கும், இப்போது 96-இல் ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் நான் வழக்கமாக ஓட்டும் வேகமே அந்த ஆறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. முன்பெல்லாம் கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் வலது கைச் சுண்டு விரல் மரத்துப் போகும், இப்போது சேலத்தில் வீட்டு வாசலில் இறங்கும் வரை விரல் என்னுடையதாகவே இருக்கிறது.

ஆனால் இதை ஆறாவது கியர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆறாவது கியர் என்றால் வேண்டும்போது போடலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம். ஸ்பிராக்கெட் அப்படி இல்லை, ஐந்தாவதை மாற்றினால் முதல் கியரும் கூடவே மாறிவிடும். பெல்லந்தூர் பக்கம் சாயங்காலம் ஆறரை மணிக்கு முதல் கியரில் கிளட்சை விட்டுவிட்டு நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போவேனே, அந்த நடை இப்போது கொஞ்சம் வேக நடையாகிவிட்டது, முன்னால் போகிற கார் அந்த வேகத்தில் போவதில்லை. அதனால் எப்போதும் ஹாஃப் கிளட்ச். அதே மாதிரி, ஊரில் இருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டினால், முன்பு ஐந்தாவதில் முனகிக்கொண்டே ஏறிய வண்டி இப்போது திணறும், தயங்காமல் நான்காவதுக்கு வந்துவிட வேண்டும். கம்பெனிக்காரன் 15 போட்டதில் தப்பே இல்லை, மலைக்கென்று செய்த வண்டி, அதற்கு அதுதான் சரி. ஹைவேக்கு இழுத்துக்கொண்டு வருவது நாம்தான்.

மைலேஜ் கூடும் என்று பலர் சொல்வார்கள். எனக்குக் கண்ணில் படும்படி எதுவும் கூடவில்லை. 95-இல் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி எந்தப் பல் போட்டாலும் ஒன்றுதான், சுற்று குறைந்தால் ஆக்சிலேட்டரைக் கூடுதலாகத் திருகப் போகிறீர்கள். டாப் ஸ்பீடும் ஏறாது, எதிர்க்காற்றில் கொஞ்சம் குறையக்கூடச் செய்யும்.

பின்னால் பல்லைக் குறைத்தும் இதையே செய்யலாம், முன்னால் ஒரு பல் என்பது பின்னால் இரண்டரைப் பல்லுக்குச் சமம். ஆனால் முன் ஸ்பிராக்கெட் சின்னது, விலை குறைவு, திரும்ப மாற்றுவதும் சுலபம். பெங்களூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது பழைய 15-ஐ எடுத்துப் போய் உள்பக்கப் பற்களை வைத்துப் பாருங்கள், மாட்டிய பிறகு மூடியிலும் உள்ளேயும் செயின் எங்கேயும் உரசவில்லையா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தேய்ந்த செயினைப் புது ஸ்பிராக்கெட்டில் போடாதீர்கள், செயின் செட் மாற்றும் நேரத்தில் செய்தால் வேலை ஒன்றாக முடிந்துவிடும்.

நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். முன்னால் ஒரு பல் கூடினால் செயினில் அரைக் கண்ணி நீளத்தை அது விழுங்கும். இந்தச் செயினில் ஒரு கண்ணி 15.875 மி.மீ., அரைக் கண்ணி சுமார் 8; செயின் மேலேயும் கீழேயும் ஓடுவதால் அதில் பாதி, பின் சக்கரத்தைச் சுமார் 4 மி.மீ. முன்னால் தள்ள வேண்டும். மெக்கானிக் தள்ளினார், ஆனால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, மேலே ஆளில்லாமல், செயினைக் கையால் தட்டி, "கரெக்டா இருக்குண்ணா" என்று அனுப்பிவிட்டார். இந்த வண்டியில் பின் சஸ்பென்ஷன் 180 மி.மீ. பயணிக்கும். ஆள் ஏறி அது அமுங்கும்போது செயின் இறுகும், மனைவியும் இரண்டு பையும் ஏறியபோது தளர்வு என்பதே இல்லை. ஓசூர் தாண்டியதும் ஊளைச் சத்தம். ஒரு டீக்கடையில் நிறுத்தி, இரண்டு பேரும் உட்கார்ந்திருக்க, கடைக்காரரையே செயினைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், "கம்பி மாதிரி இருக்குப்பா" என்றார். அப்படியே ஓட்டியிருந்தால் கியர்பாக்ஸ் பேரிங் போயிருக்கும். அதனால் நீங்கள் ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை விட்டு அளக்கச் சொல்லுங்கள்.

ஸ்பீடோமீட்டர் பற்றி ஒன்று. சக்கரத்தில் இருந்து வேகம் எடுக்கும் வண்டியில் எதுவும் மாறாது, கியர்பாக்ஸில் இருந்து எடுத்தால் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். போன் ஜிபிஎஸ்ஸை வைத்து மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

பழைய 15-ஐத் தூக்கிப் போட வேண்டாம். கொல்லிமலைக்குப் போகும் முன் அதைத் திரும்ப மாட்டலாம் என்று நினைத்துச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன். 70 கொண்டை ஊசி வளைவு, பாதிக்கு மேல் முதல் கியர், மேலே போய்ச் சேர்ந்தபோது கிளட்ச் வாடை ஹெல்மெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.