மூலிகை ஆராய்ச்சிதான் படிப்பேன்னு பிள்ள நிக்கா, விடலாமா?

அக்கா, நீங்க கேட்டத படிச்சேன். பிளஸ் டூ முடிச்ச பிள்ள, மண்ணீரல் வீங்கிப் போற காலா அசார் காய்ச்சலுக்கு மூலிகையில மருந்து கண்டுபிடிக்கணும்னு சொல்லுதா, அது பீகார் பக்கத்து நோய்தானே, அம்பாசமுத்திரத்துல இருக்கவளுக்கு எதுக்குன்னு கேக்கீங்க. அந்தக் கிருமிய 1903ல டோனோவன்ங்கிற டாக்டர் பாத்ததே மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில வச்சுத்தான். நம்ம மலைக்கு அந்தப்பக்கம், கேரளா சைடு அகத்தியர் மலையில காணி மக்களுக்கு அதே இனத்துக் கிருமியால தோல்ல புண்ணு வந்திருக்கு, மணல் ஈ கடிச்சுப் பரவுறது. பிள்ளயோட ஆசையில தப்பே இல்ல.

ஆனா ஒண்ணு அவளுக்குப் புரியணும். நிலவேம்புல உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைட்ங்கிற கசப்புச் சத்து லேப்ல இந்தக் கிருமிய அடிக்குதுன்னு ஆராய்ச்சி இருக்கு, அதுக்காக கஷாயம் குடிச்சா நோய் போயிரும்னு இல்ல. கிருமியத் தின்னு அழிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளயே போய் இது குடியிருக்கும், மருந்து அந்த செல்ல கெடுக்காம உள்ள போயி கிருமிய மட்டும் கொல்லணும், அப்புறம் எலிக்குக் குடுத்துப் பாக்கணும், அதுக்கும் அப்புறம்தான் மனுசன், முக்காவாசி செடி முதல் படியிலயே கழண்டுரும். இந்த நோய்க்கு இப்ப குடுக்குற மில்டெஃபோசினே செடியில இருந்து வந்ததில்ல, கேன்சருக்குன்னு ஆராய்ஞ்சு லேப்ல செஞ்ச மருந்துதான். அதனால செடி தெரிஞ்சா மட்டும் பத்தாது, கெமிஸ்ட்ரி நல்லா வரணும்.

பாளையங்கோட்டை சித்தா காலேஜ் நல்லதுதான், நீட் வேணும், அஞ்சரை வருசம், ஆனா நோயாளிய பாக்க மனசு இருந்தா மட்டும் போகட்டும். ஆராய்ச்சிக்காக மட்டும்னா நீட்டுக்குன்னு ஒரு வருசத்த கெடுக்காதீங்க, என் கணக்குல பி.பார்ம் நாலு வருசம், அப்புறம் ஜிபேட்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதி எம்.பார்ம்ல பார்மகோக்னசி, அதாவது செடி கொடியில இருந்து வர்ற மருந்தப் பத்தின படிப்பு, அதுதான் நேர் வழி. ஆராய்ச்சி சரியா வரலன்னாலும் மருந்துக் கம்பெனில தரம் சோதிக்கிற க்யூசி வேலை, ஆஸ்பத்திரில பார்மசிஸ்ட்டுன்னு கை கொடுக்கும். பாட்டனி இல்ல பயோடெக் எடுத்தா எம்.எஸ்சி., அப்புறம் நெட் தேர்வுன்னு போவணும், அதுல ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். லக்னோவுல சி.டி.ஆர்.ஐ.ங்கிற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம், பாட்னாவுல ஐ.சி.எம்.ஆர். ஆராய்ச்சி நிலையம், இங்கெல்லாம் இந்த நோய்க்கே தனியா வேலை நடக்கு.

பிஹெச்டி முடிய 28, 29 வயசாயிரும், அத இப்பவே அண்ணன்கிட்ட பேசிருங்க, பாதியில கல்யாணம்னு நிறுத்துனா பிள்ள உடைஞ்சு போவா. காலேஜ் பாக்கப் போகும்போது செல்ல வளர்த்துச் சோதிக்கிற செல் கல்ச்சர் லேப் இருக்கா, அதுல யூஜி பிள்ளைகள கை வைக்க விடுதாங்களான்னு கேளுங்க. அப்புறம், முண்டந்துறை காட்டுல வனத்துறை அனுமதி இல்லாம ஒரு இலையக் கூட பறிக்கக் கூடாதுன்னு அவகிட்ட சொல்லி வைங்க.