போதையில் வரைந்த படமா ‘யெல்லோ சப்மரீன்’?

கேள்வி: லிவர்பூல் இசைக்குழுவான பீட்டில்ஸின் பாடல்கள் நிறைந்த ‘யெல்லோ சப்மரீன்’ அனிமேஷன் படம் பார்த்தேன். கதை என்று ஒன்றும் பிடிபடவில்லை. கலர் கலராக ஏதேதோ ஓடுகிறது. போதையில் இருந்தவர்கள், போதையில் இருப்பவர்களுக்காக எடுத்த படம் போலிருக்கிறது. ஐம்பது வருஷம் தாண்டியும் இதைக் கொண்டாடுகிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது? – ஒரு வாசகர்

பதில்: போதையில் இருக்கும் கை இந்த வேலைக்கு ஆகாது. திரையில் விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனிப் படங்கள், ஓடும். ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்திவைத்தாலும் விநாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு 2,160. அதுவும் திரையில் ஒரே ஒரு உருவம் அசைந்தால்! நான்கு பேர் நான்கு விதமாக அசைந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாள், தனி வரைதல், தாளின் பின்பக்கத்தில் தனி வண்ணப்பூச்சு. லண்டனில் டிவிசி ஸ்டுடியோ இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்களை வைத்து இதைச் சுமார் 11 மாதத்தில் முடித்தது. 1968 ஜூலை 17 அன்று முதல் காட்சி. இயக்கியவர் ஜார்ஜ் டன்னிங்.

உருவங்களை வடிவமைத்தவர் ஹைன்ஸ் எடெல்மான். ஜெர்மனியில் பத்திரிகைகளுக்குப் படம் போட்டவர். போதைப் பழக்கம் தமக்கு இருந்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்க போஸ்டர் ஓவியர் பீட்டர் மேக்ஸ்தான் வரைந்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள், அது தவறு.

அந்தத் தட்டை வண்ணத்துக்கும் எளிய கோட்டுக்கும் காரணம் பெரும்பாலும் காலமும் காசும்தான். டிஸ்னி பாணியில் கை, முகம், துணி மடிப்பு எல்லாம் வழுக்கிக்கொண்டு அசைய வேண்டுமானால் ஓவியங்கள் பல மடங்கு வேண்டும். அதைக் குறைத்தால் வழக்கமாக என்ன ஆகும்? உருவங்கள் மரப்பாச்சி ஆகிவிடும். இந்தக் குழு அதைத் தாண்டிய வழிதான் படத்தின் ஈர்ப்பே. அசைவில் மிச்சம் பிடித்ததை வடிவத்தில் செலவழித்தார்கள். பாட்டுக்குப் பாட்டு வரையும் முறையையே மாற்றினார்கள்.

‘எலினார் ரிக்பி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் புகைப்படங்கள். நிஜ மனிதர்களைப் படம் பிடித்து, நடுத்தர நிழல்களை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கி, வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரே சின்ன அசைவையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். வேறு படத்தில் இது சிக்கனம் என்று தெரிந்துவிடும். தனிமையைப் பாடும் பாட்டில் அந்த மனிதர்களால் அதற்குமேல் நகர முடியாது என்று ஆகிவிடுகிறது. வண்ணம் வற்றிய அந்த லிவர்பூல் தெருக்களின் மேல் மஞ்சள் நீர்மூழ்கி மிதந்து போகும்போதுதான் மஞ்சள் எவ்வளவு மஞ்சள் என்று கண்ணுக்கு உறைக்கிறது.

‘லூசி இன் தி ஸ்கை’ இதற்கு நேர் எதிர். அது ரோட்டோஸ்கோப்பிங். பழைய ஹாலிவுட் நடனக் காட்சிகளை ஃப்ரேம் ஃப்ரேமாகத் தாளில் விழவைத்து, அதன் மேலேயே வரைவது. இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கோட்டை அப்படியே பின்பற்றி உள்ளே ஒழுங்காக வண்ணம் நிரப்பினால் உருவம் எடையில்லாமல் வழுக்கும், ட்ரேஸ் எடுத்தது பளிச்சென்று தெரிந்துவிடும். இங்கே வண்ணத்தைக் கோட்டுக்கு வெளியே வழியவிட்டார்கள். ஒரு ஃப்ரேமின் தூரிகை வீச்சு அடுத்ததில் இருப்பதில்லை. அதனால் பாவாடையின் சிவப்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது. அடியில் இருக்கும் நடனம் மட்டும் நிஜம் என்பதால் தாளம் தப்புவதில்லை.

கதை இல்லை என்கிறீர்கள். இருக்கிறது, வசனத்தில் இல்லாமல் படத்தில் இருக்கிறது. நீல மீனிகள் என்ற வில்லன்களிடமிருந்து பெப்பர்லேண்ட் என்ற நாட்டை மீட்க, பீட்டில்ஸ் நால்வரும் மஞ்சள் நீர்மூழ்கியில் விசித்திரக் கடல்களைத் தாண்டிப் போகிறார்கள். வேக்யூம் போல உறிஞ்சும் ஒரு பிராணி எதிர்ப்பட்டதையெல்லாம் இழுத்து, பின்னணியையும் இழுத்து, கடைசியில் தன் வாலைப் பிடித்துத் தன்னையே உறிஞ்சிக்கொள்கிறது. திரை வெறும் வெள்ளை. ஒன்றுமில்லாக் கடல் அப்படித்தான் பிறக்கிறது. பிறகு துளைகளின் கடலில், நால்வரில் ஒருவரான ரிங்கோ ஒரு துளையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். பார்க்க வேடிக்கை போலத்தான் இருக்கும். பெப்பர்லேண்டின் இசைக்குழுவான சார்ஜென்ட் பெப்பர் குழுவினரை, அவர்களை அடைத்திருக்கும் நீலக் கண்ணாடிக் கோளத்திலிருந்து விடுவிப்பது அந்தத் துளைதான். கண்ணால் படித்துக்கொண்டு போனால் முடிச்சு விழுவதும் அவிழ்வதும் தெரியும்.

குறை இல்லாமலில்லை. பெப்பர்லேண்டுக்கு வந்து சேர்ந்த பிறகு படம் தொய்கிறது. நீல மீனிகளோடு சண்டை நீளம். பீட்டில்ஸ் பேசுவது அவர்கள் குரலே அல்ல, நடிகர்களின் குரல். நால்வரும் முதலில் ஆர்வம் காட்டவில்லை. நான்கு புதுப் பாடல்கள் கொடுத்து, கடைசியில் சில நிமிடம் நேரில் வருகிறார்கள், அவ்வளவே.

மறுபடி பாருங்கள், ஆனால் போனில் வேண்டாம். வெள்ளைப் பரப்பும் நுண்கோடும் சின்னத் திரையில் செத்துவிடும். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். லிவர்பூல் பேச்சில் சிலேடைகள் சரசரவென்று ஓடிவிடும். 2012இல் மீட்டெடுத்த பிரதியைத் தேடுங்கள். தூசி நீக்கும் மென்பொருளிடம் விட்டால் கையால் போட்ட கோட்டையும் அழுக்கென்று அழித்துவிடும் என்பதால், அதை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையாலேயே சுத்தம் செய்தார்கள். ‘ஹே புல்டாக்’ பாட்டு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பிரதியில் அதை வெட்டியிருந்தார்கள்; 1999 வெளியீட்டில்தான் திரும்பச் சேர்த்தார்கள்.