கரும்பலகையைப் பார்த்து வரையாத ஓவிய வகுப்பு

கேள்வி: அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 34 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஒரு மணி நேரம் ஓவியத்துக்கென்று உண்டு. எனக்கு வரையத் தெரியாது. கரும்பலகையில் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே வீடு, ஆறு என்று போட்டுவிடுகிறேன். 34 பேரும் அதையே வரைகிறார்கள். சிலர் “எனக்கு வராது மிஸ்” என்று தாளைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். வண்ணம் கொடுத்தால் தரையெல்லாம் பாழாவதால் அதை நிறுத்திவிட்டேன். ஆண்டு விழாவுக்குச் சுவரில் மாட்ட அழகான படங்கள் வேண்டும் என்கிறார் தலைமை ஆசிரியர். என்ன செய்யலாம்?

பதில்: தொடக்கப் பள்ளியில் தனி ஓவிய ஆசிரியர் இல்லாதது உங்கள் பள்ளிக்கு மட்டும் உள்ள குறை அல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே, கலைக் கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் இடங்களுக்குத்தான் சொல்கிறது. ஆகவே இந்த வேலை வகுப்பாசிரியரான உங்களிடம்தான் வந்து சேரும். உங்களுக்கு வரையத் தெரியாது என்பதை ஒரு தடையாக நான் நினைக்கவில்லை. நன்றாக வரையத் தெரிந்த ஆசிரியர்தான், பெரும்பாலும், பிள்ளையின் தாளில் தானே கோடு போட்டுத் திருத்திவிடுகிறார்.

நீங்கள் கற்பிக்க வேண்டியது செய்முறையை, படத்தை அல்ல. அச்சு எப்படிப் பதிப்பது, களிமண்ணை எப்படி ஒட்டுவது, பசையை எவ்வளவு தடவுவது என்பதை ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டி, எல்லோரும் ஒரே மாதிரி செய்யும்படி கண்டிப்பாகவே இருங்கள். அந்தச் செய்முறையால் எதை உருவாக்குவது என்பதை மட்டும் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். உங்கள் வகுப்பில் இப்போது நடப்பது இதற்கு நேர்மாறானது: படம் ஆசிரியருடையதாக இருக்கிறது, செய்முறையோ யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை.

“எனக்கு வராது” என்ற பேச்சு மூன்றாம் வகுப்பில் தலைகாட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்தபோது, ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான காலத்தை ஒரு தனிப் பருவமாகக் கண்டார். இந்த வயதில் பிள்ளை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக நிறுத்துகிறது. வானத்தை உச்சியில் ஒரு நீலப் பட்டையாகத் தீட்டுகிறது. வீட்டுச் சுவரைக் கடந்து உள்ளே இருக்கும் பாட்டியையும் அடுப்பையும் காட்டுகிறது. இவை பிழைகள் அல்ல, ஆகவே திருத்த வேண்டாம். ஒன்பது வயதை ஒட்டித்தான் “நிஜ மாடு மாதிரி இல்லையே” என்ற கவலை பிறக்கிறது. உங்கள் வகுப்பினர் எட்டு வயதில், அந்த வாசலில் நிற்கிறார்கள். ஆகவே நிஜத்தைப் போல இருக்கவேண்டிய அவசியமே இல்லாத வேலைகளை இந்த ஆண்டு அதிகமாகக் கொடுப்பது நல்லது.

முதலில் காய்கறி அச்சு. முற்றிய வெண்டைக்காய்களைக் குறுக்கே வெட்டினால் ஐந்து, ஆறு மூலைகள் கொண்ட பூப்போன்ற முகம் கிடைக்கும். பிஞ்சுக் காய் அழுத்தும்போது நசுங்கிவிடும். வெட்டுவது உங்கள் வேலை. பிள்ளைகளிடம் கத்தி வேண்டாம். வெட்டிய முகத்தில் கொழகொழப்பு இருக்கும் வரை அச்சு வழுக்கி இழுபடும் என்பதால், வகுப்புக்குச் சற்று முன்பே வெட்டிப் பழந்துணியால் ஒற்றி வைத்துவிடுங்கள். வாழை மட்டையின் குறுக்குவெட்டு, உள்ளே காற்றறைகள் இருப்பதால், வலைப்பின்னல் போன்ற அச்சைத் தரும். பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஒரு தட்டில் ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து, தோசை மாவுப் பதத்தில் கரைத்த போஸ்டர் வண்ணத்தை அதில் ஊறவிட்டால் அதுவே முத்திரை மை அட்டையாகிவிடும். வண்ணம் நீர்த்துப்போனால் எல்லாம் ஒரே திட்டாக இளகும். “ஒற்று, வை, அழுத்து, நேராகத் தூக்கு” என்ற நான்கு சொற்களை எல்லோரும் சேர்ந்து சொல்லியபடி பழைய செய்தித்தாளில் சில முறை பதித்துப் பார்த்த பிறகே நல்ல தாளைக் கொடுங்கள். அதன்பின் ஒரே ஒரு நிபந்தனை: இந்த இரண்டு அச்சுகளை மட்டும் வைத்து ஒரு விலங்கு, அல்லது ஒரு சேலைக் கரை. எப்படி என்று நீங்கள் சொல்லக் கூடாது.

வண்ணங்களைப் பொறுத்தவரை சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை போதும். கறுப்பைச் சில வாரங்களுக்கு ஒளித்தே வையுங்கள். அது கையில் இருந்தால் பிள்ளைகள் கலந்து பார்ப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் கறுப்பு விளிம்பு கட்டத் தொடங்குவார்கள். சிவப்பு வாங்கும்போது ஆரஞ்சுச் சாயல் உள்ளதைத் தவிர்த்து, கிரிம்சன் என்று கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சுச் சாயலுள்ள சிவப்பு நீலத்தோடு சேர்ந்தால் ஊதா வராது, சேற்று நிறம்தான் வரும்.

தரை பாழாவதற்கு வண்ணத்தைவிடத் தண்ணீர்தான் காரணம். 34 பேருக்கும் ஒரே நேரத்தில் வண்ணம் கொடுக்கவே வேண்டாம். பாதிப் பேர் அச்சுப் பதிக்கும்போது மீதிப் பேர் பென்சிலிலும் க்ரேயானிலும் வரையட்டும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் தேவைப்படும் நாளில் அகலமான அடியுள்ள டப்பாவில் கால் பங்கு மட்டும் ஊற்றி, இருவருக்கு ஒன்றாக வைத்தால் கவிழ்ந்தாலும் ஒரு துணியில் துடைத்துவிடலாம். ஒரு மணி நேரத்தில் கடைசிப் பதினைந்து நிமிடத்தைக் கழுவுவதற்கென்றே எடுத்துவைத்துவிடுங்கள். குழாயடியில் வரிசை நிற்க இடமில்லையென்றால் ஒரு வாளியும் ஒரு குவளையும் போதும்.

செலவே இல்லாத இன்னொரு வேலை மஞ்சள் தாள். மஞ்சள் தூளைச் சிறிது தண்ணீரில் குழைத்து வரைதாள் முழுவதும் தேய்த்து உலரவிடுங்கள். சலவை சோப்பைக் கரைத்த நீரில் தென்னை ஈர்க்கின் நுனியில் சுற்றிய பஞ்சைத் தோய்த்து வரைந்தால், கோடு செம்பழுப்பாக எழும்பும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டால் மீண்டும் மஞ்சளாகிவிடும், அதாவது பிள்ளைகள் அழித்தும் வரையலாம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவப்பதும் அமிலத்தில் பழைய நிறத்துக்குத் திரும்புவதும்தான் காரணம். அறிவியல் பாடத்துக்கும் இது கைகொடுக்கும். சோப்புக்குப் பதில் சுண்ணாம்பைப் பயன்படுத்துவது பலருக்குப் பழக்கம். கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பள்ளிக்கு அது வேண்டாம்.

களிமண்ணை உள்ளூர்க் குயவரிடம் கேட்டால் பிசைந்த பதத்திலேயே கிடைக்கும். கையும் காலும் காய்ந்ததும் கழன்று விழுவதுதான் வழக்கமான புகார். ஒட்டவேண்டிய இரு பரப்புகளையும் ஈர்க்கால் கீறி, நீரில் கரைத்த அதே களிமண் குழம்பைத் தடவி அழுத்தினால் கழலாது. விரல் பருமனுக்கு மேல் கனமாகச் செய்யாமல், வெயிலில் வைக்காமல் நிழலில் உலரவிட்டால் வெடிப்பும் குறையும்.

ஒட்டுவேலைக்குப் பசையை நீங்களே காய்ச்சலாம்: ஒரு பங்கு மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, நான்கு பங்கு கொதிநீரில் ஊற்றிக் கிளறினால் கண்ணாடி போல் வரும்போது இறக்கிவிடலாம். சுவரொட்டி ஒட்டுபவர்கள் கெடாமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் சேர்க்கவே கூடாது. தெர்மாகோலையும் மினுமினுப்புத் தூளையும் நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. இரண்டும் வகுப்பறையை விட்டு லேசில் போகாத குப்பை.

எப்போதாவது வெறும் பென்சிலால் வரையச் சொல்லும் நாளும் வரும். அன்று “இயற்கைக் காட்சி வரையுங்கள்” என்று சொன்னால் அதே இரண்டு மலைதான் வரும். மாறாக, “நேற்று மழையில் எப்படி வீட்டுக்குப் போனாய்? குடையை யார் பிடித்தது? செருப்பு காலில் இருந்ததா, கையில் இருந்ததா?” என்று சில நிமிடம் பேசவைத்துவிட்டு வரையச் சொல்லுங்கள். யாராவது “மாடு வரையத் தெரியலை மிஸ்” என்றால் அவர்கள் தாளைத் தொடாமல், உடம்பு நீளமா உயரமா, கொம்பு எங்கே முளைக்கிறது என்று கேட்டு, சன்னல் வழியாகவோ ஒரு புகைப்படத்திலோ பார்க்கச் சொல்லுங்கள். காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வேறொரு தாளில் வரைந்து காட்டிவிட்டு, அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

மதிப்பிடும்போது நிஜத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்காமல், செய்முறையைக் கடைப்பிடித்தார்களா, முடிவு அவர்களுடையதா, எடுத்ததை முடித்தார்களா என்ற மூன்றை மட்டும் குறித்துவைத்தால் போதும்.

ஆண்டு விழாவைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் பேச உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அவர் கேட்கும் ஒழுங்கை ஒரே செய்முறையும் ஒரே தாள் அளவும் கொடுத்துவிடும். படங்கள் ஒன்றுபோல் இருக்கவேண்டியதில்லை. வெண்டைக்காய் அச்சு விலங்குகளை ஏ4 தாளின் பாதி அளவில் செய்யச் சொல்லி, எதை மாட்டுவது என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க, ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். மஞ்சள் தாள் வெயிலில் வெளுத்துவிடுமாதலால் அதை உள்சுவருக்கு ஒதுக்குங்கள். நன்றாக வரைந்த நான்கைந்து பேருடையதை மட்டும் மாட்டும் வழக்கம் இருந்தால், இடமில்லை என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணமாக இருக்கும். வரிசைக்கு ஒன்பதாக நான்கு வரிசை வைத்தால் 34 படங்களும் சீட்டுகளோடு சேர்ந்து ஏறத்தாழ ஏழடி அகலம், இரண்டரை அடி உயரத்துக்குள் அடங்கிவிடும். அளந்து எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.