தூக்குச்சட்டியும் சூரைச்செடியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டு கீமோ முடிந்திருக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் ஆண்டவர் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றவில்லை. ஆனால் சபையார் முறை வைத்துச் சாப்பாடு கொண்டு வருகிறார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போகிறார். எல்லாரிடமும் கடன்பட்டதுபோல் கூசுகிறது. இதையா கடவுளின் அன்பு என்கிறார்கள்?
– வாசகி, செந்தூல்

பதில்: ஆம் சகோதரி, இதைத்தான். வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி சாக வேண்டுமென்று கேட்டுவிட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துத் தூங்கிவிடுகிறார். தூதன் வந்து கண்டிக்கவில்லை, காரணம் கேட்கவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டவரை மறுபடி தூங்கவிட்டு, இரண்டாம் முறையும் சாப்பிடத்தான் எழுப்பினான். ஆண்டவருடைய குரல் அதற்கு வெகுநாள் கழித்துத்தான் கேட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன், எடுக்கும் நாட்களில் தூக்கத்தைக் கெடுக்கும். நிறுத்திய ஓரிரு நாளில் உடம்பும் மனமும் சரிந்துவிடும். அந்த நாட்களின் வெறுமையை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்காதீர்கள். சரிவு நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கூச்சம் குறைய ஒரு வழி உண்டு. "ஏதாவது வேணுமா?" என்று கேட்பவரிடம் "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லாமல், "வியாழக்கிழமை பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர முடியுமா?" என்று கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால் செய்பவருக்கும் நிம்மதி. மலாய்க்கார அக்காவுக்கு ஒரு 'தெரிமா காசி' (நன்றி) போதும். அவர் கணக்கு வைத்துக்கொண்டு துணி மடிக்கவில்லை.

கேள்வி: எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியம் கீமோ எடுக்கும் ஒரு சகோதரிக்குச் சமைத்துக் கொடுக்கிறது. பாதி நாள் அப்படியே இருக்கிறது. எங்கே தவறு?
– பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அன்பில் தவறில்லை, நாளும் அளவும்தான் பிசகுகின்றன. கீமோ ஏறிய முதல் சில நாட்களில் தாளிக்கும் வாசனையே குமட்டும். நெத்திலி போட்ட அரிசிக் கஞ்சி, இடியப்பம், காரமில்லாத மீ (நூடுல்ஸ்) சூப் போன்றவற்றை ஒரு சின்னக் கிண்ணம் அளவு கொடுங்கள். நிறைந்த தட்டைப் பார்த்தாலே சிலருக்கு வயிறு மூடிக்கொள்ளும். வாயில் உலோகச் சுவை தட்டினால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி. வாய்ப்புண் வந்தால் ரசத்து மிளகும் எலுமிச்சையும் எரியும். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, விழுங்காமல் கொப்பளிக்கலாம்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏறும் பெரும்பாலான மருந்துகளில், ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். கவனம் அதிகம் தேவைப்படும் வாரம் அதுதான். பச்சையாகச் சாப்பிடும் உலாம் (மலாய்க் கீரை வகைகள்), வேகாத தவ்கே (முளைப்பயறு), கோப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை, வீட்டில் உறையூற்றிய தயிர் எதுவும் வேண்டாம். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் கெடும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், இல்லையேல் குளிர்ப்பெட்டிக்குப் போக வேண்டும். மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். திருப்பிக் கேட்காத டப்பாவில் கொடுங்கள். களைத்துக் கிடப்பவருக்கு ஆறு வீட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவி, எது யாருடையது என்று நினைவில் வைப்பதே பெரிய வேலை.

துரியான் பிளாண்டா (முள் சீத்தா) இலைத் தண்ணீர், பெலாலாய் காஜா மூலிகைச் சாறு ஆகியவற்றை அன்பினால்தான் கொண்டு போகிறோம். ஆனால் மூலிகைகள் மருந்தின் வேலையில் குறுக்கிடலாம். ஈரல், சிறுநீரகத்துக்கும் சுமையாகலாம். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டைவிட முக்கியமான ஒன்று: இரவில் யார் கார் ஓட்டுவது? காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பனடோல் (பாராசிட்டமால்) போட்டுப் பார்ப்பதும் ஆபத்து. சூடு இறங்கும், கிருமி உள்ளே பரவும். உடனே அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வார்த்தையாகவே "கீமோ நோயாளி" என்று சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு பேர், கைப்பேசியை அணைக்காமல், இந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்குப் பகலில் துணையாகப் போகிறவர்கள் புத்ராஜெயா தடத்து எம்ஆர்டி ரயிலில் போகலாம். மருத்துவமனை பெயரிலேயே நிலையம் இருக்கிறது, கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: பார்க்க வந்த ஒருவர், "விசுவாசம் இருந்தால் இந்நேரம் குணமாகியிருக்கும்" என்றார். நோயாளி அழுதுவிட்டார்.
– வாசகர், காஜாங்

பதில்: அப்படிச் சொல்லவே கூடாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள்; வாய் திறந்த பிறகுதான் காயப்படுத்தினார்கள். கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய சம்பவத்திலும் இயேசு கண்டது "அவர்கள்" விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். சுமந்தவர்களும் அதில் அடக்கம். நோயாளியின் விசுவாசத்தை எடை போடாமல், பதினைந்து நிமிடம் உட்கார்ந்து சின்னதாக ஜெபித்துவிட்டு எழுந்திருங்கள். இருமல், சளி இருந்தால் தொலைபேசி போதும்.

கேள்வி: எனக்குச் சமைக்கத் தெரியாது, காரும் இல்லை. நான் என்ன செய்ய?
– கல்லூரி மாணவர், செராஸ்

பதில்: ரத்தம் கொடுங்கள், தம்பி. 18 வயதும் 45 கிலோ எடையும் வேண்டும். முந்தின இரவு ஐந்து மணி நேரமாவது தூங்கி, சாப்பிட்டுவிட்டு, ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய ரத்த மையத்துக்குப் போங்கள். சிவப்பணுவைக் குளிரில் ஐந்து வாரம்போல வைக்கலாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டை அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் பொதுவாக ஐந்து நாள்தான் தாங்கும். கீமோ வார்டில் இன்று ஒருவருக்கு ஏறும் மஞ்சள் நிறப் பிளேட்லெட் பை, இந்த வாரம் யாரோ முகம் தெரியாதவர் காசு வாங்காமல் கொடுத்தது. அதில் பெயர் இருக்காது. வகை, எண், காலாவதித் தேதி மட்டும். பெருநாள் விடுமுறைகளில் கொடுப்பவர்கள் குறைந்துவிடுவார்கள். அந்த வாரத்தில் போங்கள்.