ஆதாரமே இல்லாமல் பேய் இருப்பதாக ஏன் நம்புகிறார்கள்?

ஆதாரம் இல்லை என்று நாம்தான் சொல்கிறோம். நம்புகிறவரைக் கேட்டால், "என் கண்ணால் பார்த்தேன்" என்பார். பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. சிக்கலே அங்கேதான்.

அமுக்குவான் பேயை எடுத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் விழிப்பு வருகிறது; கை கால் அசையவில்லை, கத்த முடியவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கே விடுதியில் இருந்தபோது இரண்டு முறை வந்திருக்கிறது. கனவு காணும் தூக்கத்தில் மூளை தசைகளைக் கட்டிப்போட்டுவிடும். கனவில் ஓடினால் நிஜத்திலும் எழுந்து ஓடிவிடக் கூடாதே! சில சமயம் அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கண் திறந்திருக்கும், கனவும் மிச்சமிருக்கும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். ஜப்பானில் இதற்குக் கனஷிபாரி என்று பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து அமுக்குகிறாள் என்பார்கள். அனுபவம் ஒன்றுதான், பேய்க்கு மட்டும் ஊருக்கு ஊர் வேறு முகம்.

ஞாபகமும் நம்மை ஏய்க்கும். நினைத்த நேரத்தில் போன் செய்தவர் மனதில் நிற்பார். நினைத்தும் செய்யாத நூறு பேர் மறந்துபோவார்கள்.

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று 1963-ல் அறிவித்தார். 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. நம்பிக்கை குறைந்ததா என்ன? நெஞ்சில் பாரத்தை உணர்ந்தவரிடம் பரிசுக் கணக்கு எடுபடாது. தூக்கத்தைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் காது கொடுப்பார். என் பாட்டி கொடுத்தார்; தலையணைக்கு அடியில் இருந்த இரும்புத் துண்டை மட்டும் எடுக்கவில்லை.