அடி வாங்கும் பிள்ளை வீட்டில் ஏன் சொல்வதில்லை?

பள்ளியில் மாதக்கணக்கில் சீண்டினார்கள், அடித்தார்கள், ஆனாலும் மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் என்று உடனே முடிவு செய்யாதீர்கள்.

சொன்னால் இன்னும் மோசமாகும் என்ற பயம்தான் பெரிய காரணம், அதை வீண் பயம் என்று தள்ளவும் முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்த பிளஸ் டூ மாணவன், ஆசிரியர்கள் விசாரித்த பிறகுதான் நடந்ததைச் சொன்னான். அதன் பிறகு வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் சேர்த்து.

அப்புறம் வெட்கம். நிறத்தையோ உடம்பையோ திக்குவாயையோ வைத்துக் கூப்பிடும் பட்டப்பெயரை அம்மாவிடம் சொல்ல வேண்டுமென்றால், அதைத் தன் வாயாலேயே இன்னொரு முறை சொல்லியாக வேண்டும், அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

நம் பங்கும் உண்டு. "நீ என்ன பண்ணினே?", "கண்டுக்காம விடு" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், பிள்ளை அதோடு நிறுத்திக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு அப்பா பள்ளிக்கே வந்து சத்தம் போடுவாரோ என்ற கவலை வேறு.

வாய் சொல்லாததைத் திங்கட்கிழமை காலை வயிற்றுவலியும், அடிக்கடி தொலையும் பென்சில் பாக்ஸும், திறக்காமலே திரும்பி வரும் டிபன் பாக்ஸும் சொல்லும். சரி, இப்போது என்ன செய்யலாம்? எதிரே உட்கார வைத்து விசாரிக்காமல், வண்டியில் போகும்போது பேச்சுக்கொடுங்கள், அவனைக் கேட்காமல் பள்ளியில் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். அவசரம் என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது.