14வது ஹோலில் வியர்க்கிறதா?

கேள்வி: வயது 58. ஐந்து வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் போடுகிறேன். ஞாயிறுதோறும் விடிகாலையில் கோல்ஃப். மூன்றடி தூரப் பந்தைத் தட்டும்போது மட்டும் வலது மணிக்கட்டு வெட்டி இழுக்கிறது. 14வது ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழி) தாண்டினால் கவனம் சிதறுகிறது, வியர்க்கிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது. போன வாரம் அடுத்தவர் பந்தை அடித்துவிட்டேன். கண்ணிமையும் துடிக்கிறது. இணையத்தில் பார்த்தால் பார்கின்சன் என்கிறார்கள். படபடப்பும் நடுக்கமும் அடங்கும் என்று நண்பர் கொடுத்த புரோப்ரனலால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடுகிறேன். மனதை ஒருமுகப்படுத்த வழி சொல்லுங்கள். (கோவை வாசகர்)

பதில்: பார்கின்சனில் கை பெரும்பாலும் சும்மா மடியில் கிடக்கும்போதுதான் நடுங்கும். கூடவே நடை தளரும், ஒரு கையின் வீச்சு குறையும், கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கும். நீங்கள் நான்கு பக்கம் கையால் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரி வரை எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அந்தப் பயத்தை விடுங்கள். கண் துடிப்பதற்கு ராத்திரி நேரத்தோடு தூங்கினால் போதும்.

மணிக்கட்டு வெட்டுவதை கோல்ஃப் ஆடுபவர்கள் ‘யிப்ஸ்’ என்பார்கள். சிலருக்கு அது வெறும் பதற்றம். சிலருக்கு, பேனா பிடித்தால் மட்டும் விரல் முறுக்கிக்கொள்ளும் எழுத்தர்களைப் போல, ஒரே வேலையைப் பல வருடம் செய்த தசைக்கு வரும் கோளாறு. ஜெர்மனியின் கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் இதோடு பல வருடம் மல்லுக்கட்டினார். மட்டையைப் பிடிக்கும் விதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தே 1985லும் 1993லும் மாஸ்டர்ஸ் பட்டம் வாங்கினார். நீங்களும் பிடியை மாற்றிப் பாருங்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது.

எனக்குக் கவலை அந்த 14வது ஹோல்தான். விடிகாலையில் மாத்திரை போட்டு, வெறும் காபியோடு கிளம்பி, மூன்று மணி நேரம் நடந்த பிறகு வியர்வை, கோபம், குழப்பம். இது மனம் அலைபாய்வதல்ல ஐயா, ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது போலத்தான் தெரிகிறது. கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். நடக்கிற காலும் தன் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மூளைக்குப் பற்றாக்குறை வந்தால் எது யாருடைய பந்து என்றா தெரியும்?

இதில் அந்தப் புரோப்ரனலால் வேறு! சர்க்கரை இறங்கும்போது உடம்பு அடிக்கிற மணிதான் படபடப்பும் நடுக்கமும். அந்த மணியின் நாக்கைப் பிடுங்கிவிடுகிறது இந்த மாத்திரை. மிஞ்சுவது வியர்வை மட்டும். அதையும் வெயில் என்று நினைத்துவிடுவீர்கள். உங்களுக்கு ஆஸ்துமா இல்லாதது உங்கள் நண்பருடைய அதிர்ஷ்டம். இருந்திருந்தால் மூச்சு முட்டியிருக்கும். போட்டிகளில் கோல்ஃப் ஆடுபவர்களுக்கு இது தடைசெய்யப்பட்ட மருந்து என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுவதால் இன்றே நிறுத்திவிடலாம். தினமும் போடுகிறவர் என்றால் இப்படிச் சட்டென்று நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பையில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். வியர்த்தாலோ எரிச்சல் வந்தாலோ அங்கேயே விரலைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். ஏறிய பிறகு எதையாவது சாப்பிடுங்கள். அந்த நிலையில் காரை எடுக்கவே கூடாது. மட்டைப் பை தூக்கும் பையனிடமும் சொல்லி வையுங்கள்: நீங்கள் மயங்கி விழுந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். கிளிமிபிரைடை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ஆடுகிற நாளில் அளவை மாற்றலாமா என்று உங்கள் சர்க்கரை மருத்துவர் சொல்லட்டும்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். நான்கு மணி நேரமும் ஒருமுகமாக இருக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஒரு அடிக்கு அரை நிமிடம் போதும். நடக்கும்போது மரத்தைப் பாருங்கள், ஊர்க்கதை பேசுங்கள். பந்தருகே வந்ததும் மூச்சை நிதானமாக வெளியே விட்டு, பந்தின் பின்பக்கத்தில் ஒரே புள்ளியில் இரண்டு மூன்று விநாடி கண்ணை நிறுத்தி, அப்புறம் தட்டுங்கள். அடித்த அடியைப் பற்றிய புலம்பலை அங்கேயே விட்டுவிட்டு நடங்கள்.

ஸ்கோர் கார்டில் 9வது, 14வது ஹோல்களுக்குப் பக்கத்தில் அப்போதைய சர்க்கரை அளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு ஞாயிறு எழுதியதும் அந்த அட்டையை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏதாவது ஒரு தடவை 70க்குக் கீழே போயிருந்தால் இரண்டாவது ஞாயிறுக்குக் காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.